அரிசி மூட்டையும் ஆடுபுலியும்

குண்டசாலையில், மூன்றடிக்கு மூன்றடி மேசையொன்றில், விரற்கடை உயரப் படைவீரர் பொம்மைகளை வைத்துக் கண்டி இராச்சியத்தின் போர்களை ஆடிப்பார்த்த காலம் என்னிடம் ஒரு முடிவை விட்டுச் சென்றிருக்கிறது. ஒரே பக்கத்தில் அடங்கிவிடும் எளிய விதிகள், நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட விதிநூலைவிட அந்தப் போர்களை உண்மையாகச் சொல்லும். ஆனால் விதியை எழுதுபவர் எதை எளிமையாக்குகிறார் என்பதில் கவனம் வேண்டும். துப்பாக்கியை எவ்வளவு வேண்டுமானாலும் எளிமையாக்கலாம். சோற்றை எளிமையாக்கக் கூடாது. இந்த ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கண்டி நகரத்தை மூன்று பக்கமும் சுற்றிவரும் மகாவலி கங்கை குண்டசாலையைத் தொட்டுக்கொண்டுதான் கீழே போகிறது. 1707 முதல் 1739 வரை ஆண்ட வீர பராக்கிரம நரேந்திரசிங்கன் இங்கே மாளிகை அமைத்து வாழ்ந்ததால் அவனுக்குக் குண்டசாலை அரசன் என்றே பெயர். ஆற்றோடு சற்று மேலே போனால் 1803இல் ஆங்கிலேயப் படையொன்று அழிந்த வட்டபுலுவை. கிழக்கே மலைப்பக்கம் போனால் 1815இல் கடைசி அரசன் பிடிபட்ட மெதமஹநுவரப் பகுதி. மேற்கே கன்னொறுவையும் தந்துரையும். ஒரு நாளில் சுற்றிப் பார்த்துவிடக்கூடிய தூரத்துக்குள் இரண்டேகால் நூற்றாண்டுப் போர் கிடக்கிறது. இதைப் படித்து அறிவது ஒன்று, மேசையில் வைத்து நகர்த்திப் பார்ப்பது இன்னொன்று. நகர்த்தும்போது கை ஒரு இடத்தில் தயங்கி நிற்கும். அந்தத் தயக்கம் எங்கே வருகிறது என்பதைக் கவனித்தால் போர் எங்கே தீர்ந்தது என்பது தெரியும்.

ஆடிப்பார்க்க எடுத்துக்கொண்டது ஆங்கில எழுத்தாளர் நீல் தோமஸ் எழுதி 2014இல் வெளிவந்த ‘வன் ஹவர் வார்கேம்ஸ்’ என்ற நூலின் விதிகள். பக்கத்துக்கு ஆறு அணிகள், பதினைந்து சுற்று, மூன்றடி மேசை, முப்பது போர்க்களச் சூழல்கள். பெயர் சொல்வதுபோல ஒரு மணி நேரத்தில் ஆட்டம் முடியும். துப்பாக்கியும் குதிரையும் கலந்த காலத்துக்கு அந்நூலில் நான்கே வகை அணிகள்: காலாட்படை, சிதறி நின்று சுடுவோர், குதிரைப்படை, பீரங்கி. தாக்கும் அணி ஒரு பகடையை உருட்டும். விழுந்த எண்ணை வைத்து எதிரணியின் இழப்பு கணக்கிடப்படும். எதிரணி மறைவில் இருந்தால் அது பாதியாகும். பதினைந்து புள்ளி இழந்த அணி மேசையைவிட்டுப் போகும். காட்டுக்குள் சிதறி நின்று சுடுவோர் மட்டுமே நுழையலாம். ஏறத்தாழ இவ்வளவுதான். வீரரின் பயிற்சி, துப்பாக்கியின் வகை, தளபதியின் திறமை, மழை, புகை, மனவுறுதி என்று பெரிய விதிநூல்கள் அட்டவணை அட்டவணையாக எழுதும் எதற்கும் இங்கே தனிக்கணக்கு இல்லை. முதல்முறை படிப்பவருக்கு இது குழந்தை விளையாட்டாகத் தோன்றும். எனக்கு இது ஒரு வசதியாகவே பட்டது. எலும்புக்கூடு மட்டும் நிற்கும்போது எந்த எலும்பு குறைகிறது என்று பார்ப்பது சுலபம்.

குறைந்த எலும்பு முதலிலேயே தெரிந்தது. விதிகளை மாற்றாமல் 1803ஐ மேசையில் வைத்தால் ஆங்கிலேயர் வெல்கிறார்கள், அதுவும் சிரமமில்லாமல். கண்டிக்காரரைக் காட்டோரம் நிறுத்தி, அவர்களுக்கு மறைவின் பயனைக் கொடுத்து, பீரங்கியை எதிரியிடமிருந்து எடுத்துவிட்டாலும்கூட, பதினைந்து சுற்றுக்குள் நகரத்தைப் பிடி என்று சொன்னால் அணிவகுத்த காலாட்படை பிடித்துவிடுகிறது. விதியின் பிழையால் இது நேரவில்லை. உண்மையில் நடந்ததும் இதுதான். ஆளுநர் பிரெடெரிக் நோர்த்தின் காலத்தில், 1803 தொடக்கத்தில், ஜெனரல் மக்டவல் கொழும்பிலிருந்தும் கேர்ணல் பார்புட் திருகோணமலையிலிருந்தும் புறப்பட்டார்கள். பெப்ரவரியில் இரு படைகளும் நகருக்குள் நுழைந்தன. நகரம் காலியாகக் கிடந்தது. அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் மலைக்குப் பின்வாங்கியிருந்தான். ஆங்கிலேயர் முத்துசாமி என்ற நாயக்க இளவரசனை அரியணையில் இருத்தி, காவலுக்கு ஒரு படையை விட்டுவிட்டு, ஏப்ரலில் பெரும்பகுதிப் படையோடு திரும்பினார்கள். தோமஸின் பதினைந்து சுற்றும் இந்த இடத்தில் முடிந்துவிடும். மேசையில் வெற்றி எழுதப்படும். ஆனால் போர் அப்போதுதான் தொடங்கியிருந்தது. காவற்படையைக் காய்ச்சல் தின்றது. பார்புட்டே சில மாதங்களில் நோயால் இறந்தார். ஜூன் 24ஆந் திகதி கண்டிப்படை தாக்கியபோது காவற்படைத் தலைவர் மேஜர் டேவியிடம் நிற்கக்கூடிய ஆட்கள் சிலரே இருந்தனர். நூற்றுக்கு மேற்பட்டோர் மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தனர். மலாய் வீரர் பலர் அரசன் பக்கம் போய்விட்டனர். சரணடைந்து திருகோணமலைப் பாதையில் வெளியேறிய டேவியின் படை வட்டபுலுவைத் துறைக்கு வந்தபோது மகாவலி பெருகி ஓடியது. கடக்கத் தெப்பம் இல்லை. ஆற்றங்கரையில் முத்துசாமியைக் கையளித்தார்கள், பிறகு ஆயுதங்களைக் கையளித்தார்கள், ஜூன் 26இல் கொல்லப்பட்டார்கள்.

கண்டிக்கு வந்த படைகள் கண்டியை அடையாமல் தோற்றன என்று நம்மில் பலர் நினைப்பதுண்டு. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1594இல் பேரோ லோபெஸ் டி சூசாவின் போர்த்துக்கேயப் படை கண்டி நகரமான செங்கடகலைக்குள் நுழைந்தது. குசுமாசன தேவியை அரசியாக்கி நிறுத்தியது. ஒக்டோபரில் திரும்பும் வழியில் தந்துரையில் அழிந்தது. அதற்குள் அதனோடு வந்த உள்ளூர் லஸ்கரின் படையினர் கைவிட்டுப் போயிருந்தனர். 1630இல் கொன்ஸ்தந்தீனோ டி சா ஊவாவை எரித்துவிட்டுத் திரும்பும்போது ரந்தெனிவெலவில் லஸ்கரின்கள் கட்சி மாறினர், மழையும் சேர்ந்துகொண்டது. 1638இல் தியோகோ டி மெலோ வெறுமையான கண்டியைக் கொளுத்திவிட்டுத் திரும்பினான். மார்ச் 28இல் கன்னொறுவையில் இரண்டாம் இராஜசிங்கன் அவனுடைய வழியை அடைத்து அப்படையை முடித்தான். 1765இல் ஒல்லாந்த ஆளுநர் வான் எக் நகரைப் பிடித்தார். அதுவும் காலி நகரமே. அவர் அந்த ஏப்ரலில் இறந்தார், அவர் விட்டுச்சென்ற காவற்படை நோயாலும் பசியாலும் தேய்ந்து அதே ஆண்டில் வெளியேறியது. நாலு படையெடுப்பு, ஐந்தாவதாக 1803. ஒன்றிலும் நகரத்துக்குப் போகும் வழியில் போர் தீரவில்லை. திரும்பும் வழியிலோ தங்கிய இடத்திலோதான் தீர்ந்தது. நகரத்தைப் பிடித்தவர் வென்றார் என்று எழுதும் எந்த விதியும், அது ஒரு பக்கமோ முந்நூறு பக்கமோ, இந்த ஐந்திலும் தவறான பக்கத்துக்குத்தான் வெற்றியைக் கொடுக்கும்.

இந்த இடத்தில் எனக்கு உதவியது நம்முடைய பழைய ஆட்டம். சதுரங்கத்தில் இரு பக்கமும் சமம். காய்களும் ஒன்று, நோக்கமும் ஒன்று. தோமஸின் ஆறுக்கு ஆறு என்ற கணக்கும் அந்த வழிவந்ததுதான். ஆடுபுலி ஆட்டம் வேறு. மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி தாண்டி வெட்டும். ஆட்டுக்கு வெட்டவே தெரியாது. ஆடு செய்யக்கூடியது ஒன்றுதான்: புலி போகக்கூடிய இடங்களில் ஒவ்வொன்றாக வந்து உட்காருவது. புலி நகர இடமில்லாமல் நின்றுவிட்டால் ஆடு வென்றது. ஒரு புலியைக்கூட அது கொன்றிருக்காது. திண்ணையில் கரிக்கோடு போட்டு இதை ஆடிய எவருக்கும் கண்டிப் போரை அரை நிமிடத்தில் விளக்கிவிடலாம். பலனைக் கணவாயிலும் கிரிகாகமப் பாதையிலும் மரத்தை வெட்டிச் சாய்த்து வழியை அடைத்தவர்கள் ஆடுகள். நேருக்கு நேர் நின்றால் அவர்கள் தோற்பார்கள், அது அவர்களுக்கும் தெரியும். வழியில் உட்காருவதுதான் அவர்களுடைய ஆயுதம். ஆகவே நான் மாற்ற வேண்டியிருந்தது சுடும் விதியை அல்ல, யார் எப்போது வென்றார் என்ற விதியை. படையெடுத்து வந்தவர், வந்த அணிகளில் பாதியையாவது மேசையின் விளிம்புக்குத் திருப்பிக் கொண்டுவந்து சேர்த்தால்தான் வெற்றி. இந்த ஒரு வரி போட்டவுடன் ஆட்டத்தின் முகம் மாறிவிட்டது. முன்னே பார்த்துக்கொண்டிருந்த கண் பின்னே பார்க்கத் தொடங்கியது.

அதற்குப் பிறகு சேர்த்தவை மூன்றே விதிகள். முதலாவது அரிசி. படையெடுக்கும் ஒவ்வோர் அணியின் பின்னாலும் ஐந்து புளியங்கொட்டை வைக்க வேண்டும். சுற்றுக்கு ஒன்று போகும். தீர்ந்த அணி சுடலாம், நடக்கலாம், ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் மூன்று புள்ளி இழக்கும். புதிய கொட்டை தானாக வராது. சுமைகாரர் அணி ஒன்று மேசையின் விளிம்பிலிருந்து பாதை வழியாக நடந்து வந்து கொடுக்க வேண்டும். அந்த அணிக்குச் சுடத் தெரியாது. பாதையில் ஓர் ஆடு உட்கார்ந்தால் அது நின்றுவிடும். இரண்டாவது காய்ச்சல். புளியங்கொட்டையை ஒரு பக்கம் கல்லில் தேய்த்தால் கருஞ்சிவப்புத் தோல் போய் வெள்ளைப் பருப்பு தெரியும். தாயம் ஆடும் வீடுகளில் இது பழக்கமான வேலை. நகரில் தங்கும் அணிக்குச் சுற்றுக்கு நான்கு கொட்டை உருட்டி, தோல் மேலே விழுந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி கழிக்க வேண்டும். நடந்துகொண்டிருக்கும் அணிக்கு ஒரு கொட்டை போதும். மூன்றாவது நம்பிக்கை. பின்வழி அடைபட்ட படையில் உள்ளூர் வீரரும் சுமைகாரரும் இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் பகடை. ஒன்றோ இரண்டோ விழுந்தால் அந்த அணி போய்விடும். கண்டிப் பக்கத்துக்கும் ஒரு சுமை உண்டு. அவர்களுடைய அணி மூன்று சுற்றுத்தான் மேசையில் நிற்கலாம். பிறகு ஊருக்குப் போய்விடும், வேறொன்று காட்டோரத்தில் வந்து சேரும். மேசையில் இதை வைத்துப் பார்த்தவருக்கு மறக்காத காட்சி ஒன்று இருக்கிறது. நகரத்துக்குள் ஆறு சிவப்புச் சட்டை அணிகள் ஒரு பொம்மையும் குறையாமல் நிற்கும். அவற்றின் பின்னால் கொட்டை ஒன்று, ஒன்று, ஒன்று என்று குறைந்துகொண்டு வரும். மூன்றடிக்கு அப்பால் சுமைகாரர் அணி ஒற்றை ஆட்டின் முன்னால் நின்றுகொண்டிருக்கும். ஒரு குண்டும் சுடப்படாத சுற்றில் போர் தோற்றுக்கொண்டிருக்கும்.

இனி மறுப்புகள். முதலில் வருவது, இவ்வளவு எளிமை வரலாற்றுக்கு அவமதிப்பு, உண்மையான போர் ஆயிரம் நுணுக்கங்கள் கொண்டது என்பது. இதற்குப் பதில் போர் விளையாட்டின் சொந்த வரலாற்றிலேயே இருக்கிறது. பிரஷ்யாவில் 1812இல் ரைஸ்விட்ஸ் தம் ஆட்டத்தை மன்னருக்குக் காட்டினார். 1824இல் அவருடைய மகன் அதைத் திருத்தி இராணுவத்தின் பயிற்சியாக்கினார். அடுத்த ஐம்பது ஆண்டுகளில் அட்டவணைகள் பெருகின. அதிகாரிகள் போரைப் பற்றி யோசிப்பதை விட்டு அட்டவணையைத் தேடிக்கொண்டிருந்தார்கள். 1876இல் வெர்டி து வெர்னுவா என்ற பிரஷ்யத் தளபதி அந்த அட்டவணைகளை ஒதுக்கிவைத்து, அனுபவமுள்ள நடுவர் ஒருவர் தீர்ப்புச் சொல்லட்டும் என்றார். தொழிலே போராகக் கொண்டவர்கள் அறுபது ஆண்டுகள் ஆடிவிட்டு எளிமைக்குத் திரும்பியிருக்கிறார்கள். நுணுக்கம் கூடினால் உண்மை கூடும் என்பது ஒரு நம்பிக்கை. அது ஒவ்வொரு முறையும் மெய்யாவதில்லை. துப்பாக்கி எத்தனை யாரில் எத்தனை விழுக்காடு குறி தப்பும் என்று கணக்கிடும் விதிநூல், சுமைகாரருக்கு ஒரு வரிகூட ஒதுக்காமல் இருந்தால், அது போரின் ஒரு பகுதியை மிக நுட்பமாகவும் மறுபகுதியைச் சுத்தமாக இல்லாமலும் காட்டுகிறது. கண்டியில் அந்த இல்லாத பகுதிதான் போர்.

ஆயுதத்தையே எடுத்துக்கொள்ளலாம். கண்டிக்காரரின் கொடித்துவக்கு என்பது கையால் தூக்கிச் செல்லக்கூடிய சிறு பீரங்கி; மரக்கால்களில் குந்தி நிற்கும்; ஐரோப்பியர் அதை வெட்டுக்கிளி என்று அழைத்தனர். மறுபுறம் லேவுகே திசாவை அரசனுக்குக் கொடுத்த வெண்கலப் பீரங்கி, பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் பதித்தது. அதை 1765இல் ஒல்லாந்தர் கொள்ளையாக எடுத்துப் போனார்கள். ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் இருந்து 2023 டிசம்பரில்தான் நாடு திரும்பியது. அழகில் அதற்கு ஈடில்லை. ஆனால் ஒடுங்கிய மலைப்பாதையில் ஒரு திருப்பத்துக்கு மேலே பாறையிடுக்கில் குந்தியிருந்து இரண்டு முறை சுட்டுவிட்டு அடுத்த திருப்பத்துக்கு ஓடக்கூடியது கொடித்துவக்குதான். அதன் வேலை ஆளைக் கொல்வதைவிட வரிசையை நிறுத்துவது. வரிசை நின்றால் அன்றைய நடை குறையும். நடை குறைந்தால் அரிசி ஒரு நாள் கூடச் செலவாகும். இந்தச் சங்கிலி புரிந்த பிறகு கொடித்துவக்கின் குண்டு எடை எவ்வளவு, எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மேசையில் விதி தேவைப்படவில்லை. ‘இதன் முன்னால் நிற்கும் அணி இந்தச் சுற்றில் பாதித் தூரமே நகரும்’ என்ற ஒரு வரி போதுமாக இருந்தது.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. முடிவு தெரிந்துகொண்டு விதி எழுதினால் அந்த முடிவு வரத்தானே செய்யும், கண்டி வெல்ல வேண்டும் என்று காய்ச்சலைச் சேர்த்துவிட்டுக் காய்ச்சலால் கண்டி வென்றது என்று சொல்வது வட்டமடிப்பது அல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்கு ஒரே வழி, ஒரு போரைப் பார்த்து எழுதிய விதியை அப்படியே வைத்துக்கொண்டு, அதைக் காணாத வேறு போர்களில் சோதிப்பது. 1803ஐப் பார்த்து எழுதிய மூன்று விதிகளையும் 1765க்குக் கொண்டுபோனால் பிசகில்லாமல் பொருந்துகின்றன. உண்மையான சோதனை 1804. அந்த ஆண்டு செப்டம்பரில் கப்டன் ஆதர் ஜோன்ஸ்டன் ஏறத்தாழ முந்நூறு பேரோடு மட்டக்களப்பிலிருந்து புறப்பட்டார். பல முனைகளிலிருந்து படைகள் வந்து கண்டியில் சேரும் என்பது திட்டம். திட்டம் கைவிடப்பட்டது அவருக்கு விளங்கவில்லை. அவருடைய படை மட்டுமே நகருக்குள் நுழைந்தது. பார்த்தால் வேறு யாருமில்லை. டேவியைவிட மோசமான நிலை. ஆனால் அவர் தங்கவில்லை. இரண்டொரு நாளில் திருகோணமலைப் பாதையில் இறங்கி, வழியெல்லாம் சண்டையிட்டு, ஒக்டோபரில் படையில் பெரும்பகுதியோடு கரை சேர்ந்தார். 1810இல் அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். என் விதி முதலில் அவரைப் பட்டினியில் கொன்றுவிட்டது. காரணத்தைத் தேடினால், வந்த வழியேதான் திரும்ப வேண்டும் என்று நான் வரைபடத்தில் ஒரே பாதை போட்டிருந்தேன். அவர் கிழக்கிலிருந்து வந்து வடகிழக்கே போனவர். இரண்டாவது பாதையை வரைந்த பிறகு, விதியில் ஓர் எழுத்தும் மாறாமல், நடந்துகொண்டே இருக்கும் சிறுபடை பெரும்பாலும் பிழைத்தது. நகரில் நின்ற படை அழிந்தது. தெரிந்த முடிவைத் திருப்பிச் சொல்லும் விதி இப்படி முதலில் பிழையாகாது. பிழையின் இடத்தையும் காட்டாது.

மூன்றாவது சோதனை 1815. ஆளுநர் பிரவுண்ரிக் எட்டுப் பிரிவுகளாகப் படையை அனுப்பினார்; பெப்ரவரி 14இல் நகரம் கையில் வந்தது; 18இல் அரசன் பிடிபட்டான்; மார்ச் 2இல் கண்டி ஒப்பந்தம். சண்டை என்று சொல்லத்தக்கது ஏதும் நடக்கவில்லை. அதே மலை, அதே ஆறு, அதே காய்ச்சல். மாறியது மூன்றாவது விதி பாய்ந்த பக்கம். கண்டிப் பிரதானி எகெலபொல முன்பே ஆங்கிலேயரிடம் போய்விட்டார். இன்னொரு பிரதானி மொல்லிகொட நான்கு கோறளையோடு கட்சி மாறினார். ஆங்கிலேய அதிகாரி ஜோன் டொயிலி ஆண்டுக்கணக்காக ஓலையும் தூதுவருமாக இந்த உறவுகளைக் கட்டியிருந்தார். மேசையில் படையெடுத்தவருக்கு வைத்த நம்பிக்கைப் பகடையைக் கண்டிப் பக்கம் உருட்ட வேண்டும் என்று வைத்தால், பாதைகளில் உட்கார ஆளில்லை, சுமைகாரர் நடக்கிறார்கள், கொட்டை குறைவதில்லை. புலி வென்றுவிடுகிறது. 1803இன் தோல்வியையும் 1815இன் வெற்றியையும் ஒரே விதி விளக்கும்போது அதை வட்டமடிப்பு என்று நான் ஏற்க மாட்டேன். 1818 கிளர்ச்சியில் ஆங்கிலேயர் ஊவாவில் ஊர்களையும் நெல்லையும் எரித்தார்கள் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆட்டுக்கும் சோறு வேண்டும் என்பதை அதற்குள் அவர்கள் கற்றிருந்தார்கள். அந்தப் பாடத்தின் விலையை ஊவா வெல்லஸ்ஸ மக்கள் கொடுத்தார்கள்.

இன்னொரு மறுப்பு மனவருத்தத்தோடு வருவது: நம் மண்ணைக் காத்தவர்களின் வீரத்தை அரிசிக்கும் நுளம்புக்கும் கொடுத்துவிடுகிறீர்களே என்பது. நான் அப்படிக் கொடுக்கவில்லை. காய்ச்சல் தானாக ஒரு படையை அழிப்பதில்லை; அந்தப் படை அந்த இடத்தில் போதிய நாள் நிற்க வேண்டும். அதை நிற்கவைத்தது மனித ஏற்பாடு. ஒரு தலைநகரை வெறுமையாக்கிவிட்டுப் போவது எவ்வளவு பெரிய கட்டளை என்று யோசித்துப் பாருங்கள். வீடு, கோயில், நெல், மாடு எல்லாவற்றையும் விட்டோ தூக்கிக்கொண்டோ மலைக்குப் போக வேண்டும். ஒருமுறை அல்ல, தலைமுறைதோறும். 1660 முதல் பத்தொன்பது ஆண்டு கண்டியில் சிறையிருந்த ரொபர்ட் நொக்ஸ், ஒருவர் பின் ஒருவராக மட்டுமே போகக்கூடிய ஒடுங்கிய பாதைகளையும் முள்வாயில்களையும் காவல்களையும் எழுதிவைத்திருக்கிறார். பாதை ஒடுக்கமாக இருந்தது அரசின் கொள்கை. கணவாய்க் காடுகள் வெட்டக் கூடாத காடுகள். கண்டி வீரன் வயலிலிருந்து வந்தவன். பதினைந்து நாள் முறை வரும்போது தன் அரிசியைத் தானே கட்டிக்கொண்டு வருவான். ஒரு துண்டுத் தாளிப்பனை ஓலை கையில் இருக்கும், பகலில் குடை, இரவில் கூடாரம். முறை முடிந்தால் அடுத்த ஊரான் வருவான். பட்டாளக் கூடாரமும் மாட்டு வண்டியும் சுமைகாரர் வரிசையும் இல்லாமல் ஒரு படை மலையில் மாதக்கணக்கில் நின்றது இப்படித்தான். வாளை உயர்த்தி ஓடியதுதான் வீரம் என்றால் இதற்கு வேறு பெயர் தேட வேண்டும். எனக்கு இதுவே பெரிய வீரமாகத் தெரிகிறது.

கடைசி மறுப்பை நான் மிகுந்த மரியாதையோடு எடுத்துக்கொள்கிறேன். 1983 முதல் 2009 வரை உண்மையான போரில் வெந்த நாட்டில், இன்னும் காணாமற்போனோரைத் தேடிக்கொண்டிருக்கும் தாய்மார் உள்ள நாட்டில், போரை மேசையில் ஆடலாமா? எச். ஜி. வெல்ஸ் 1913இல் ‘லிட்டில் வார்ஸ்’ எழுதியபோது, இந்தப் பொம்மைப் போர் உண்மைப் போரைவிட எவ்வளவோ மேல் என்று வாதாடினார். அடுத்த ஆண்டே உலகப்போர் வந்தது. ஆகவே பொம்மை போரைத் தடுக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. சொல்ல வருவது இது: போரை நாம் பாட்டிலும் சிலையிலும் மேடையிலும் ஏற்கெனவே ஆடிக்கொண்டுதான் இருக்கிறோம்; அங்கெல்லாம் சுமைகாரன் இல்லை, வயிற்றோட்டம் இல்லை, ஆற்றங்கரையில் தெப்பமில்லாமல் நிற்பவன் இல்லை. இந்த விதிகள் அவர்களை நடுவில் கொண்டுவந்து நிறுத்துகின்றன. கரையோரத்திலிருந்து பிடித்துவரப்பட்ட சுமைகாரர்கள் பலர் பாதி வழியில் மூட்டையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். படைத்தலைவர்களின் பெயர் நமக்குத் தெரியும், ஓடியவர்களின் பெயர் ஒன்றும் தெரியாது. ஆனால் மேசையில் அந்த அணி போன சுற்றில்தான் ஆட்டம் முடிகிறது. இதற்கு ஓர் எல்லையும் உண்டு. ஆயுதத்தைக் கீழே வைத்த படையை மேசையிலிருந்து எடுத்துவிட வேண்டும். வட்டபுலுவைக் கரையில் ஜூன் 26இல் நடந்தது போரில் சேராது. அதற்கு விதி எழுதக் கூடாது, பகடை உருட்டக் கூடாது. நான் எழுதவில்லை.

இந்த ஆட்டத்தின் விதிகள் 1820களோடு செல்லாமற்போயின. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் கடுகண்ணாவை வழியாகக் கண்டிக்கு வண்டிப்பாதை வெட்டினார். 1867இல் புகையிரதம் வந்தது. ஒற்றையடிப் பாதையில் உட்காரும் ஆட்டுக்கு வேலை இல்லாமற்போயிற்று. ஆறும் பழைய ஆறல்ல. 1976இல் பொல்கொல்லையில் அணை கட்டப்பட்ட பிறகு மகாவலியின் நீரில் ஒரு பகுதி சுரங்கம் வழியாக வடக்கே போகிறது. கீழே விக்டோரியா நீர்த்தேக்கம் பள்ளத்தாக்கை நிரப்பி நிற்கிறது. இன்று குண்டசாலை ஆற்றங்கரையில் நின்று பார்ப்பவருக்கு டேவியைத் தடுத்த வெள்ளம் கண்ணில் படாது.

கண்டிப் பகுதிப் பாடசாலைகளில் வரலாறு கற்பிப்போருக்கு ஒரு வேண்டுகோள். ஒரு வகுப்பறை மேசையும், ஒரு கைப்பிடி புளியங்கொட்டையும், காகிதத்தில் வெட்டிய சில காய்களும் போதும். ஈயப் பொம்மை அவசியமில்லை. 1803இல் தொடங்காதீர்கள், 1765இல் தொடங்குங்கள். அதன் முடிவு பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. துப்பாக்கி விதியைத் தோமஸிடமிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். சுமைகாரர் காயை மட்டும் கெட்டிக்கார மாணவர் ஒருவரிடம் கொடுங்கள்.